சென்ட்ரல் பார்க்கில் எளிய கல்யாணம்: நான்கு இடங்களில் எது பொருந்தும்?

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பத்துப் பேர் சூழ மாலை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்தே இடத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். அன்று கல்யாணத்தைச் சிரமமாக்குவது மழை, இரைச்சல், பெரியவர்களின் முழங்கால் வலி. அவற்றை வைத்துத்தான் இடம் தேட வேண்டும்.

முதலில் அனுமதி. 20 பேருக்குக் குறைவாக இருந்தால் பூங்காவின் பெரும்பாலான இடங்களில் அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆனால் சீட்டு இல்லாதவர்களுக்கு அந்த இடத்தின் மீது எந்த உரிமையும் கிடையாது. சீட்டோடு இன்னொரு ஜோடி வந்து நின்றால் நீங்கள்தான் விலக வேண்டும். அதனால் எட்டே பேர் என்றாலும், அக்டோபர் மாதச் சனிக்கிழமை என்றால் 25 டாலர் கட்டி ஒரு மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அந்த நேரத்துக்கு முன்னுரிமை கிடைக்கும். பொதுமக்கள் நடமாட்டத்தை மட்டும் யாராலும் தடுக்க முடியாது.

லேடீஸ் பெவிலியன். ஏரியின் மேற்குக் கரையில், ஹெர்ன்ஸ்ஹெட் பாறைமுனையில் நிற்கும் வார்ப்பிரும்பு மண்டபம். 1871-இல் கட்டப்பட்டது. நல்ல கூரை இருப்பதால் மழை வந்தாலும் கல்யாணம் நிற்காது. எங்கள் முதல் பரிந்துரை இதுவே. 81-ஆம் தெரு சப்வே நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். குறை என்னவென்றால், எல்லோரும் கேட்கும் இடம் இது. வார இறுதியில் ஒரு கல்யாணம் முடியும் முன்பே அடுத்தது காத்திருக்கும். வாரநாளில் காலை எட்டு மணிக்கு முன் வந்தால் படகுகள்கூட இன்னும் இறங்கியிருக்காது. கடைசிப் பாதை மேடுபள்ளமானது. பட்டுப்புடவையோடு குதிகால் செருப்பு வேண்டாம்.

காப் காட். ஆறாவது அவென்யூ வாசலுக்குப் பக்கத்தில், பாறை மேட்டில் அமைந்த மரக்குடில். சுற்றிலும் மரப்பலகை இருக்கை இருப்பதால் தனியாக நாற்காலி தேவைப்படாது. விருந்தினர் வழி தவற வாய்ப்பும் குறைவு. ஆனால் கூரை மரச்சட்டங்களால் ஆனது, மழை உள்ளே இறங்கும். தெருவின் ஹாரன் ஒலியும் சேர்ந்துகொள்ளும். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால், உறுதிமொழியைச் சத்தமாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

வாக்னர் கோவ். கல்படிகளில் இறங்கினால் நீரோரத்தில் சின்னஞ்சிறு மரப்பந்தல். மணமக்கள், நடத்திவைப்பவர், சாட்சி, புகைப்படக்காரர் என்ற ஐந்தாறு பேருக்கு இதைவிட நெருக்கமான இடம் இல்லை. பத்துப் பேரானால் பாதிப்பேர் படியில்தான் நிற்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு வழியே கிடையாது.

கன்சர்வேட்டரி கார்டன். ஐந்தாவது அவென்யூ, 105-ஆம் தெரு. இங்கே மட்டும் எத்தனை பேர் வந்தாலும் அனுமதி கட்டாயம், கட்டணமும் சில நூறு டாலர். அமைதியும், ஒழுங்காகப் பராமரித்த மலர்ப்பாத்திகளும், சமதளப் பாதைகளும் அந்தப் பணத்துக்கு ஈடு. ஐந்தாவது அவென்யூவில் உள்ள வாண்டர்பில்ட் வாசலில் படிகள் இருப்பதால் சக்கர நாற்காலியில் வருபவரை 106-ஆம் தெருப் பக்க வாசல் வழியாக அழைத்து வாருங்கள். பாட்டி தாத்தா வருகிறார்கள் என்றால் மற்ற மூன்றையும் மறந்துவிட்டு இதையே எடுங்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது: எந்த இடத்திலும் ஹோமம் வளர்க்க முடியாது, அட்சதையும் பூவிதழும் தூவக் கூடாது. தாலி கட்டுவதற்கும் மாலை மாற்றுவதற்கும் தடையில்லை. அட்சதையைத் தூவாமல் தட்டில் வைத்து ஆசீர்வதிக்கச் சொல்லலாம். இதழ் உதிராத, நெருக்கிக் கட்டிய மாலையாக வாங்குங்கள்.

விருந்தினருக்கு வழி சொல்ல விளக்குக் கம்பங்களே போதும். ஒவ்வொன்றிலும் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கங்கள் அருகிலுள்ள தெருவைக் காட்டும். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் மேற்குப் பக்கம், இரட்டைப்படையானால் கிழக்குப் பக்கம். பூங்காவுக்குள் கார் வராது. டாக்ஸியில் வருபவர் எந்த வாசலில் இறங்க வேண்டும் என்பதை முன்பே எழுதி அனுப்புங்கள்.

இடம் எதுவானாலும் திருமண உரிமம் இல்லாமல் கல்யாணம் செல்லாது. நகர எழுத்தர் அலுவலகத்தில் 35 டாலர். வாங்கி 24 மணி நேரம் கழித்தே சடங்கு நடத்தலாம். 60 நாள் செல்லும். வெள்ளிக்கிழமை மாலை வந்திறங்கிச் சனிக்கிழமை மணம் முடிக்கும் திட்டம் இங்கேதான் உடையும். ஒரு சாட்சி வேண்டும். நடத்திவைப்பவர் நகரத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். நண்பரே நடத்திவைக்க, 2023 முதல் அவருக்கென ஒருநாள் நடத்துநர் உரிமம் கிடைக்கிறது. கையொப்பமிட்ட திருமண உரிமத்தை ஐந்து நாட்களுக்குள் திருப்பி அனுப்புவது நடத்திவைப்பவர் பொறுப்பு. இந்தியாவில் காட்ட வேண்டுமானால் விரிவான திருமணச் சான்றிதழ் கேட்டு வாங்கி, அதற்கு அப்போஸ்டில் முத்திரையும் (வெளிநாட்டில் ஆவணம் ஏற்கப்படுவதற்கான அரசுச் சான்று) பெற்றுக்கொள்ளுங்கள்.