அவுட்டோர் சென்சார் என்று சொல்லி 23,400 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள் – கோவைக்காரர்கள் கவனம்

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பர்க்லர் அலாரத்தோடு (திருட்டு அலாரம்) வெளியே ஆள் அசைவைக் கண்டுபிடிக்கும் ஒரு மோஷன் சென்சாரும் சேர்க்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். எனக்குப் போனது 23,400 ரூபாய். சிசிடிவி, அலாரம், வீடியோ டோர்போன் என்று போர்டு மாட்டியிருக்கும் ஒரு கடை. பெயர் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்குள் வேறு வம்பு வேண்டாம். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

துடியலூர் பக்கம் தனி வீடு. கதவுகளில் மேக்னட் சென்சார், ஹாலில் ஒரு மோஷன் சென்சார், மாடியில் சைரன் என்று வீடு கட்டும்போதே போட்டது. அது ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனபிறகுதான் அம்மாவுக்குப் பயம் வந்தது. ஹாலுக்குள் வந்தபிறகு அடித்து என்ன பிரயோஜனம், காம்பவுண்டுக்குள் கால் வைக்கும்போதே தெரிய வேண்டாமா என்றார். நியாயம்தானே.

கடையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். டேப் வைத்து வாசலை அளந்தார். அளந்துகொண்டே, "இங்க மயில் வருமுங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. எங்கள் ஏரியாவில் விடியக்காலை மயில் காம்பவுண்டு சுவரில்தான் இருக்கும். தொழில் தெரிந்தவன் மட்டும்தானே அதைக் கேட்பான்? அப்புறம் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே அழகாக விளக்கினார். "இது வீட்டுக்குள்ள போடுற, ஒடம்புச் சூட்டைப் பாத்து அடிக்கிற சாதா பிஐஆர் இல்லீங்க. இதுல மேல ஒரு பீம், கீழ ஒரு பீம். பூனை நாயெல்லாம் கீழ மட்டும்தான் படும். ரெண்டும் ஒண்ணாப் பட்டாத்தான் அடிக்கும். கூட ரேடியோ அலையில அசைவைப் பாக்குற மைக்ரோவேவும் இருக்குது, மழை தண்ணி ஒண்ணும் ஆகாதுங்க." அம்மாவிடம் திரும்பி, "நீங்க நிம்மதியாத் தூங்குங்கம்மா" என்றார். சொன்ன விளக்கத்தில் ஒரு வார்த்தை தப்பில்லை, அதுதான் கொடுமை. சரக்கு மட்டும்தான் வேறு.

சென்சார் ஒன்று 7,500 வீதம் இரண்டு, ஒயரிங்கும் கூலியும் 5,400, அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு 'பேனல் அப்கிரேடு' என்று 3,000. மொத்தம் 23,400.

மாட்ட வந்தது வேறு இரண்டு பையன்கள். சன்ஷேடுக்குக் கீழே, பன்னிரண்டு அடி உயரத்தில், கேட்டைப் பார்த்து, கிழக்கு முகமாக மாட்டினார்கள். இவ்வளவு உயரம் எதற்கு என்று கேட்டேன். "திருடன் கை எட்டக் கூடாதுல்லீங்க சார்?" சாயங்காலம் ஒரு பையன் வாசலில் குறுக்கே நடந்து காட்டினான், சைரன் அலறியது. ஜிபேயில் பணம் அனுப்பினேன். ரொக்கம் கேட்டிருந்தால்கூட சந்தேகம் வந்திருக்கும். பில் நாளைக்கு வாட்ஸப்பில் வரும் என்றார்கள்.

ஆடிக் காற்று ஆரம்பித்ததும் கூத்து தொடங்கியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தென்னங்கீற்று ஆடினால் சைரன். மயில் வந்தால் சைரன். காலை ஏழு மணி வெயில் நேராக முகத்தில் விழுந்தால் அதற்கும் சைரன். எதிர்வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், அவர் முகத்தில் விழிக்கவே கூச்சமாகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், பால்காரர் கேட்டைத் திறந்து நேராகப் படிக்கட்டு வரை வந்து பாக்கெட்டை வைத்துவிட்டுப் போகிறார், அது கம்மென்று இருக்கிறது!

கடைக்கு போன் செய்தேன். முதலில் "சென்சிடிவிட்டி குறைச்சா சரியாயிருமுங்க, பையனை அனுப்புறேன்." பையன் வரவில்லை. அடுத்து "காத்தடிச்சா அப்படித்தானுங்க, ஆடி முடியட்டும்." அப்புறம் "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்காப்ல." வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. நேரில் போனேன். மோர் குடித்த அதே மனுஷன், என்னை முதல்முறை பார்ப்பதுபோல, "பில் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார். கொடுக்காத பில்லை எங்கே போய்க் கொண்டுவருவது? ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் தனியாக வருமே சார், உங்களுக்காகத்தானே போடவில்லை என்று எனக்கே உபகாரம் செய்ததுபோலப் பேசினார்.

கடைசியில் மில்களுக்கு அலாரம் போடும் ஒருவரை மச்சான் அழைத்துவந்தார். ஏணி போட்டு ஏறிக் கழற்றினார். உள்ளே ரப்பர் கேஸ்கெட் இல்லை, எறும்பு முட்டை வைத்திருந்தது. ஒரே லென்ஸ், மைக்ரோவேவ் என்று ஒன்றுமே கிடையாது. 'அவுட்டோர்' என்ற ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் அச்சடித்திருக்கிறது: 'இண்டோர் யூஸ் ஒன்லி'. ஆயிரம் ரூபாய்கூடப் பெறாத ஹால் சென்சார் என்றார்.

பிஐஆர் பார்ப்பது சூட்டின் அசைவை. குறுக்கே போகிறவனைச் சட்டென்று பிடிக்கும், நேராக அதை நோக்கி வருபவனைப் பிடிப்பது கஷ்டம். பையன் ஏன் குறுக்கே நடந்து காட்டினான் என்று அப்போதுதான் புரிந்தது. நிஜமான இரட்டை பீம் சென்சாரைப் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில்தான் மாட்டுவார்களாம். பன்னிரண்டு அடிக்கு ஏற்றினால் மேல் பீம், கீழ் பீம் என்ற கணக்கே அடிபட்டுப் போகும். மயில் சுவர்மேல் ஏறி நின்றால் நல்ல சென்சாரே சில சமயம் ஏமாறும் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அதற்குத்தான் கீழ் பீமைத் திருப்பி, சுவருக்கு முன்னாலேயே முடிகிற மாதிரி தூரத்தைக் குறைப்பார்களாம்.

இதைவிட வயிற்றெரிச்சல் பேனலில். மூன்று ஜோன் (சென்சார்களைத் தனித்தனியாக இணைக்கும் இடம்) சும்மா கிடக்க, இரண்டு சென்சாரையும் ஹால் சென்சாரோடு ஒரே ஜோனில் சீரிஸில் முடிந்து வைத்திருக்கிறார்கள். வெளியே இருப்பதை பைபாஸ் செய்தால், அதாவது தற்காலிகமாக நிறுத்தி வைத்தால், ஹாலும் சேர்ந்து போய்விடும். ஒழுங்காக இருந்த அலாரத்தையும் கெடுத்து, அதற்கு 'அப்கிரேடு' என்று 3,000 வாங்கியிருக்கிறார்கள். ஸ்டிக்கர் போட்டோவை அனுப்பியதும் பதில் உடனே வந்தது: "வெளி ஆள் கை வெச்சுட்டாருங்க, இனி வாரண்டி இல்லை." அதற்கு மட்டும் நெட்வொர்க் வேலை செய்கிறது.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஒன்றும் ஓடவில்லை. சென்சாரை மாட்டுவதற்கு முன் டப்பாவோடு வாங்கி மாடல் எண்ணைப் பாருங்கள், ஐபி ரேட்டிங் (தூசி, தண்ணீரைத் தாங்கும் அளவு) இருக்கிறதா பாருங்கள். வெளி சென்சாருக்குத் தனி ஜோன் கேளுங்கள். கேட்டிலிருந்து நேராக நடக்கச் சொல்லுங்கள், விடியக்காலையும் ஒருமுறை பாருங்கள். பில் கையில் வரும்வரை முழுப் பணம் தராதீர்கள். அவ்வளவுதான்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாதாம். ஜிபே ரசீது, வாட்ஸப் பேச்சு, உரித்த ஸ்டிக்கர் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. 23,400 ரூபாயும் எனக்குத் திரும்ப வேண்டும். இதே ஏரியாவில் இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய சென்சார் யார் வீட்டிலாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே மனு போடலாம்.