குறுக்குப் பெருக்கலா, ஓரலகு முறையா, வரைபடத்தாளா?

ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கும் விகிதசமக் கணக்கை நடத்த நம்மிடம் புழங்கும் வழிகள் மூன்று: ஓரலகு முறை, குறுக்குப் பெருக்கல், வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு போடுவது. மாலை வகுப்புக்கு வரும் ஏழாவது, எட்டாவது பிள்ளைகளுக்கு நான் இப்போது மூன்றாவதில்தான் தொடங்குகிறேன்.

ஓரலகு முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 5 பேனா 60 ரூபாய் என்றால் ஒன்று 12, எட்டு 96. கடைக்குப் போய்வரும் எந்தப் பிள்ளைக்கும் புரியும். 7 பேனா 60 ரூபாய் என்றால் மட்டும் தசமத்தில் மாட்டிக்கொள்வார்கள். 7/60 = 8/? என்று எழுதி எதிரெதிரே பெருக்கும் குறுக்குப் பெருக்கலில் அந்தத் தொல்லை இல்லை, வேகமும் அதிகம். தேர்வு எழுதும்போது அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் நான் பார்ப்பது வேறு. விகிதசமமே இல்லாத ஒரு கணக்கைக் கொடுத்தால், 'இது இங்கே செல்லாது' என்று அந்த முறை காட்டிக்கொடுக்குமா?

சென்னை ஆட்டோவுக்கு 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அப்புறம் கி.மீ.க்கு 12 ரூபாய். (மீட்டர் போடும் ஆட்டோ எங்கே சார் ஓடுது என்பார்கள். அது வேறு பஞ்சாயத்து.) 2.8 கி.மீ.க்கு 37 ரூபாய் ஆகிறது. 5.6 கி.மீ.க்கு? குறுக்கே பெருக்கினால் கொஞ்சமும் தயங்காமல் 74 வரும். உண்மையில் 70 ரூபாய் 60 காசு. ஓரலகு முறையும் இங்கே கைகொடுக்காது. 37ஐ 2.8ஆல் வகுத்து, சுற்றி வந்து அதே 74இல்தான் நிற்கும்.

இதையே வரைபடத்தாளில் போடுங்கள், தூரம் கிடையாக, கட்டணம் செங்குத்தாக. 1.8, 2.8, 3.8 கி.மீ.க்கான புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழும். ஒரு கி.மீ. வலப்பக்கம் நகர்ந்தால் 12 ஏறும், இரண்டு நகர்ந்தால் 24. கோட்டின் அடியில் அந்தப் படிகளை வரையச் சொன்னால் சின்னதும் பெரியதுமாகச் செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். எல்லாமே வடிவொத்தவை, அதாவது அளவு மாறினாலும் வடிவம் ஒன்றே. அதனால்தான் எந்த முக்கோணத்தை எடுத்தாலும், ஏறியதை நகர்ந்ததால் வகுத்தால் 12. பத்தாம் வகுப்பில் சாய்வு என்று வரப்போவது இதுதான். அங்கே டேன் தீட்டாவும் சூத்திரமுமாக வரும்போது இந்த முக்கோணங்களைப் பார்த்த பிள்ளை மிரளாது.

இனி அடிக்கோலை வைத்துக் கோட்டைப் பின்னால் நீட்டினால், அது இரண்டு அச்சும் சந்திக்கும் ஆதிப்புள்ளியைத் தொடாமல் செங்குத்து அச்சை 3.40இல் வெட்டும். தூரம் இரட்டித்தால் கட்டணம் ஏன் இரட்டிக்கவில்லை என்பதற்கு அந்த இடைவெளியே பதில். ஒரு செ.மீ.க்கு 5 ரூபாய் என்று அளவுத்திட்டம் எடுங்கள். 20 ரூபாய் எடுத்தால் இடைவெளி பென்சில் கோட்டிலேயே மறைந்துவிடும்.

பிரெஞ்சுக் கணிதக் கல்வியாளர் கீ புருசோவின் புதிர் ஒன்றும் இதற்குத் தோதானது. வெட்டிய அட்டைத் துண்டுகளை, 4 செ.மீ. பக்கம் 7 ஆகும்படி பெரிதாக்க வேண்டும். பிள்ளைகள் நேராக எல்லாப் பக்கத்துக்கும் 3 கூட்டுவார்கள். நான் செய்துவைத்த அட்டையில் 4, 2 செ.மீ. பக்கங்கள் சேர்ந்து 6 செ.மீ. பக்கத்தோடு ஒட்டி நிற்கும். 3 கூட்டினால் ஒரு பக்கம் 7ம் 5ம் சேர்ந்து 12, எதிரே வெறும் 9. துண்டுகள் சேராது. சரியான வழி எல்லாப் பக்கத்தையும் 7/4ஆல் பெருக்குவது. பழைய பக்கத்தைக் கிடையாகவும் புதியதைச் செங்குத்தாகவும் தாளில் குறித்தால், கூட்டிய கோடு அச்சில் 3ஐ வெட்டும், பெருக்கிய கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகும்.

வரைபடத்தாளுக்கு நேரம் பிடிக்கும் என்பது நிஜம். நான் சொல்வது சின்ன வகுப்பின் அனுபவம். நாற்பது, ஐம்பது பேர் உட்காரும் வகுப்பில் ஒவ்வொருவர் தாளையும் எட்டிப்பார்த்து அளவுத்திட்டம் திருத்த முடியுமா என்பதை அங்கே நடத்துகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். தேர்வு நெருங்கிவிட்டால் நானும் குறுக்குப் பெருக்கலைத்தான் கொடுப்பேன். ஒன்று கூடினால் மற்றது குறையும் எதிர் விகிதத்துக்கு இந்தப் படி முக்கோணங்கள் உதவாது, அங்கே வருவது வளைகோடு. 6 ஆட்கள் 10 நாளில் முடிக்கும் வேலைக்கு ஓர் ஆள் 60 நாள், 4 ஆட்கள் 15 நாள் என்று ஓரலகு முறையிலேயே போய்விடுவது மேல்.