கயிறு சீலா, ரப்பர் சீலா? பழைய லாரி என்ஜினின் பின்பக்கக் கசிவுக்கு எது தோது

என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூடான பெல் ஹவுசிங் அடியில் எண்ணெய் சொட்டினால் "ரியர் மெயின் சீல் போச்சு" (அதாவது கிரேங்க் என்ற சுழலும் தண்டின் பின்முனையில் எண்ணெயை அடைக்கும் கயிறோ ரப்பர் உதடோ போச்சு) என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். மலேசியாவின் பீடோர் மாதிரி எஸ்டேட் டவுனில் செம்பனைக் குலை ஏற்றும் பழைய லாரி என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் என்ஜினின் மேல் மூடியான ராக்கர் கவரின் கேஸ்கெட் வழியாக வரும் எண்ணெயும் என்ஜினின் முதுகில் இறங்கி அதே இடத்தில்தான் சொட்டும். கியர்பாக்ஸின் முன் சீல் போனாலும் அப்படித்தான். டீசல் என்ஜின் எண்ணெய் கருப்பாக இருக்கும். கியர் எண்ணெய் கெட்டியாக, கந்தக வாடையோடு வரும். முதலில் பின்பக்கத்தைக் கழுவித் துடைத்து, ஒரு நடை ஓட்டிவிட்டுக் கீழே படுத்துப் பாருங்கள். அப்புறம் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், உள்காற்றை வெளியே விடும் பிரீதர் அடைத்திருக்கலாம். அந்த அழுத்தம் உள்ளே இருக்கும்வரை எந்தச் சீலைப் போட்டாலும் எண்ணெய் வழி தேடிக்கொள்ளும்.

இனி வழிகளைப் பார்ப்போம். மலிவானது, ஒன்றும் செய்யாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே ஓட்டுவது. தோட்டத்துக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு, கிளட்ச் நனையாதவரை, இதில் தப்பே இல்லை. சாலைக்குப் போகும் வண்டிக்கு இது ஒத்துவராது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் நடக்கும் கட்டாய வாகனச் சோதனையில் அடிப்பகுதியையும் பார்ப்பார்கள்.

அடுத்தது, "அண்ணே, மருந்து ஊத்திப் பாருங்க" என்று கடையில் நீட்டும் பாட்டில். அது இறுகிப்போன ரப்பரை ஊறவைத்துக் கொஞ்சம் உப்பச் செய்யும், அவ்வளவுதான். கயிறு சீல் உள்ள என்ஜினில் ஊறுவதற்கு ரப்பர் உதடே கிடையாது, அதனால் அங்கே அது வீண் காசு. ரப்பர் சீலாக இருந்தாலும், அறுவடை குறையும் மாதம்வரை நாளைக் கடத்த மட்டும் நம்பலாம்.

நிஜமான வேலை என்றால் இரண்டு வழி. கியர்பாக்ஸை இறக்கி வண்டியிலேயே மாற்றலாம், அல்லது என்ஜினையே தூக்கலாம். பறித்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் செம்பனை எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம் என்பதால் எல்லோரும் முதல் வழிக்கே போகிறார்கள். என் ஓட்டும் அதற்குத்தான், ஒரு நிபந்தனையோடு. கிரேங்கின் பின்முனையில் இருக்கும் கனத்த சக்கரமான ஃபிளைவீலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது கிரேங்க் அசைந்தால் அதைத் தாங்கும் மெயின் பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது என்ஜினைத் தூக்கித்தான் ஆக வேண்டும். ஆடும் கிரேங்க் புதுச் சீலையும் சீக்கிரம் தின்றுவிடும். எப்படிச் செய்தாலும் கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே அதன் முன் சீலையும் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். எண்ணெயில் ஊறிய கிளட்ச் தட்டைக் கழுவிப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது சீல் விஷயம். பழைய பெர்க்கின்ஸ் 6.354 என்ஜினை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், 354 கன அங்குலம், அதாவது 5.8 லிட்டர். இந்தக் குடும்பத்தின் பழைய என்ஜின்களில் கிரேங்கின் பின்னால் இரண்டு பாதி வளையம் போல்ட்டில் நிற்கும். அவற்றின் பள்ளத்தில் கயிறு உட்காரும். வேலை எளிது போலத் தெரியும், கைப்பழக்கம் கேட்கும். இரண்டு முனையிலும் ஓர் அங்குல நீளத்தை முதலில் பள்ளத்தில் அமர்த்த வேண்டும். முனைகள் இணைப்பு முகத்துக்கு வெளியே கால் முதல் அரை மில்லிமீட்டர்வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு நடுவிலிருந்து கட்டைவிரலால் அழுத்தி, உருண்டைக் கம்பியால் உருட்டிப் படியவைத்து, கிராஃபைட் கிரீஸ் தடவ வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று முனையைச் சமமாக வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்த இணைப்பிலேயே கசியும். ஒன்று கவனம்: பழைய கயிற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்து ஊதாமல் நனைத்து எடுங்கள்.

கயிறு புதிதாக இருக்கும்போதே லேசாக வியர்க்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பதிலுக்கு அது கிரேங்கின் சின்னச் சின்னத் தேய்மானத்தை மன்னிக்கும். ரப்பர் லிப் சீல் சொட்டு எண்ணெயும் விடாது, ஆனால் மன்னிக்கவும் மன்னிக்காது. அதன் உதடு ஓடும் இடம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். கயிறு சீல் பெர்க்கின்ஸின் கிரேங்கில் எண்ணெயை உள்ளே திருப்பிவிட ஆழமில்லாத சுருள் வெட்டு ஒன்று உண்டு. அதன் மேல் லிப் சீலைப் போட்டு "மாடர்ன் ஆக்கிட்டேன்" என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கயிற்றுக்குச் செய்த கிரேங்குக்குக் கயிறே இருக்கட்டும்.

ஒரே வளையமாக லிப் சீல் வரும் என்ஜின்களில் ரப்பரின் ரகத்தைப் பாருங்கள். நைட்ரைல் மலிவு, சூட்டில் சீக்கிரம் இறுகும். வைட்டான் விலை கூட, சூட்டை வெகுவாகத் தாங்கும். கியர்பாக்ஸை இறக்கும் கூலியை நினைத்தால் இந்த விலை வித்தியாசத்தில் மிச்சம் பிடிப்பது அர்த்தமில்லை. டெஃப்லான் உதடு கிடைத்தால் ஒரு விஷயம்: நைட்ரைலுக்கு எண்ணெய் தடவுவோமே, இதற்குக் கூடாது. சீலும் கிரேங்கும் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும்.

பழைய உதடு கிரேங்கில் கோடு போட்டிருந்தால், நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் புதுச் சீல் மட்டும் போதாது. இடம் இருந்தால் சீலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். செலவே இல்லாத வழி அதுதான். இடம் இல்லாவிட்டால் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் மாட்டலாம். எஸ்கேஎஃப் ஸ்லீவின் தடிமன் சுமார் 0.28 மில்லிமீட்டர் என்பதால் பழைய அளவுச் சீலே பொருந்தும். ஆனால் கோணலாக அடித்தால் அடுத்த வாரமே கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியதுதான்.

கடைசி வழி, வெட்டி இறக்குமதியான பழைய வண்டிப் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடையில் பழைய ஜப்பான் என்ஜின் வாங்கி மாற்றுவது. சீலுக்காக மட்டும் இதைச் செய்வது வீண். ரிங்கும் மெயின் பேரிங்கும் சேர்ந்து போயிருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்படி வாங்கினாலும், வண்டியில் ஏற்றுவதற்கு முன், வெளியே கை தாராளமாக எட்டும்போதே, அந்த என்ஜினின் பின் சீலை மாற்றிவிடுங்கள். கிராண்டில் (வண்டியின் பதிவுச் சான்றில்) உள்ள என்ஜின் எண்ணும் மாறும் என்பதால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதலுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.