சம்பளத்தில் 1,800 பிடித்தால் அது பிஎஃப்தானா என்று பாருங்கள்

வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்துதரும் ஆபீஸ்களில் வேலைக்குச் சேர இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

2024 ஏப்ரலில் அப்படி ஓர் ஆபீஸில் சேர்ந்தேன். மாதம் 18,000 சம்பளம், ரிட்டர்னுக்கு 40 ரூபாய் இன்சென்டிவ் என்று பேச்சு. வேலை ஆர்டர் மட்டும் "அப்புறம் தர்றோம்". கணக்கில் ஏறியது 16,200. கேட்டதற்கு, "பிஎஃப் பிடித்தம்" என்றார் மேனேஜர். கணக்கும் ஒத்துப்போனது. பிஎஃப் கணக்கிட எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000. அதில் 12 சதவீதம் 1,800. யாருக்குச் சந்தேகம் வரும்?

18,000-இல் 10 சதவீதமும் அதே 1,800தான். ஆகஸ்டில் என்னுடைய 26ஏஎஸ்-ஐ (என் பெயரில் பிடித்துக் கட்டிய வரிகளின் பட்டியல்) திறந்தால், புரொஃபஷனல் கட்டணத்துக்கான 194ஜே பிரிவில் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) என்று இருக்கிறது. அதாவது அவர்கள் கணக்கில் நான் ஊழியரே இல்லை, கட்டணம் வாங்கும் கன்சல்டன்ட். ஒன்பது மணிக்குக் கைரேகை வைத்து, அரை நாள் லீவுக்குக் கெஞ்சும் கன்சல்டன்ட்!

பிடித்த டிடிஎஸ் ரீஃபண்டாக வந்துவிடும், அது பெரிய விஷயமில்லை. சொன்னபடி பிஎஃப் பிடித்திருந்தால் முதலாளி தன் பங்காகப் போட்டிருக்க வேண்டிய பணம் போச்சு. 21,000-க்குள் சம்பளம் என்பதால் கிடைக்க வேண்டிய இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு போச்சு. சம்பளத்துக்கான வரிச் சான்றான ஃபார்ம் 16 கிடையாது, சம்பளம் அல்லாத வருமானத்துக்கான 16ஏ தான். சம்பளக்காரர்கள் போடும் எளிய ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-1 போட முடியாது. கூடுதல் சம்பளம் வாங்கிய சீனியர்களுக்கு இன்னும் மோசம், வரி கணக்கிடும்போது சம்பளத்தில் கழிக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவும் கையை விட்டுப் போனது. ஊருக்கெல்லாம் ஃபார்ம் 16 பார்த்துக் கொடுக்கிற இடத்தில் இந்தக் கூத்து.

இன்சென்டிவ் கதை தனி. ஜூலை 31 ராத்திரி வரை உட்கார்ந்து தாக்கல் செய்தோம். பணம் கேட்டபோதுதான் புது விதி வெளியே வந்தது: அன்றைக்குள் இ-வெரிஃபை (தாக்கல் செய்த ரிட்டர்னை வாடிக்கையாளர் ஆன்லைனில் உறுதிசெய்வது) ஆனவை மட்டும்தான் கணக்காம். சட்டமே அதற்கு 30 நாள் தருகிறது. வாடிக்கையாளர் ஆதார் ஓடிபி சொல்ல மாட்டேன் என்று போனை வைத்தால் நாம் என்ன செய்ய முடியும்?

முதல் சம்பளத்திலேயே பார்த்துவிடலாம். நிஜமாகவே பிஎஃப் என்றால் யுஏஎன் என்ற பிஎஃப் அடையாள எண் இருக்கும், பிஎஃப் பாஸ்புக்கில் பணம் ஏறும். இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம், அதாவது 18,000-க்கு 135 ரூபாய், தனியாகப் பிடித்திருப்பார்கள். வெறும் 1,800 என்றால் யுஏஎன்-ஐக் கேளுங்கள். 26ஏஎஸ்-ஐ நம்பிக் காத்திருக்க வேண்டாம். முதல் காலாண்டு டிடிஎஸ் விவரம் தாக்கல் செய்யவே ஜூலை 31 வரை அவகாசம் உண்டு, அதற்குள் சீசனே முடிந்துவிடும். ஆர்டரில் 'ரீடெய்னர்', 'புரொஃபஷனல் ஃபீஸ்' என்று இருந்தால் அங்கேயே நிறுத்திப் பேசுங்கள்.

இருபது பேருக்கு மேல் வேலை செய்த இடம் என்பதால் பிஎஃப் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும். வருகைப் பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் சேர்த்து பிஎஃப் குறைதீர் தளத்தில் புகார் போட்டிருக்கிறேன். இன்சென்டிவ் பாக்கி இன்றுவரை வரவில்லை. அவர்களோ அடுத்த சீசனுக்கு அதே 18,000-க்கு ஆள் தேடுகிறார்கள்.