சித்தி கூட போன அஞ்சு சனிக்கிழமை: பைபிள் வரலாறு கிளாஸ், 180 வெள்ளிக்கு வொர்த்தா?

முதல்லயே சொல்லிடறேன், நான் சர்ச்சுக்குப் போற ஆள் இல்ல, சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்ட்ரீட் கிருஷ்ணன் கோயிலுக்குப் போற ஆள், அதுவும் வருஷத்துக்கு நாலு தடவை. இந்த கிளாஸுக்கு என்னை இழுத்துட்டுப் போனது சித்தி. கல்யாணம் ஆனதுலேருந்து அவங்க ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சர்ச். தீபாவளி அன்னிக்கு வீட்ல எல்லாரும் உக்காந்திருக்கும்போது என் தம்பி யூடியூப்ல எதையோ பார்த்துட்டு "தாவீதுன்னு ஒரு ராஜாவே கிடையாது, எல்லாம் பின்னாடி எழுதின கதை"ன்னு அடிச்சு விட, சித்தி முறுக்குத் தட்டை கீழ வச்சுட்டு கிச்சன் பக்கம் எழுந்து போயிட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு இந்த கிளாஸ் நோட்டீஸ் வாட்ஸ்அப்ல வருது, கீழ ஒரே வரி: "நீ வா. உன் தம்பி வரமாட்டான்."

அஞ்சு சனிக்கிழமை, மதியம் ரெண்டுலேருந்து அஞ்சு, பிராஸ் பாசா எம்ஆர்டிலேருந்து நடக்கிற தூரம், ஒரு ஆபீஸ் பில்டிங் நாலாவது மாடி. ஆளுக்கு 180 வெள்ளி. இங்கிலீஷ்லதான் நடத்துறாங்க. இடத்தோட பேர் போடல, மூணாவது வாரம் நடந்ததைப் படிச்சா ஏன்னு புரியும்.

நான் அக்கவுண்ட்ஸ்ல வேலை பார்க்கிறேன், அதனால எனக்கு எதையும் ரெண்டு பக்கம் லெட்ஜர் வச்சுப் பார்த்தாத்தான் மனசு ஆறும். முதல் வாரமே நடத்தினவர் அதைத்தான் சொன்னார், பைபிள் உண்மையா பொய்யான்னு மொத்தமா கேக்காதீங்க, அது ஒரு புக் இல்ல, பல நூறு வருஷம் பலபேர் எழுதினது, ஒவ்வொரு அதிகாரத்துக்கும் வெளியில வேற யாராவது ரசீது வச்சிருக்கானான்னு பாருங்கன்னு. ரசீதுன்னு அவர் சொல்லல, அது என் வார்த்தை, ஆனா விஷயம் அதுதான்.

ரெண்டாவது வாரம்தான் இந்த கிளாஸோட உயிர். எகிப்து ராஜா மெர்னெப்தா கல்வெட்டு, கி.மு. 1208 வாக்குல வெட்டினது, 1896ல பெட்ரிங்கிற தொல்லியல் ஆய்வாளர் கண்டுபிடிச்சது. அதுல ஜெயிச்ச ஊர் பேரெல்லாம் வரிசையா வருது, அஸ்கலோன், கேசேர், யெனோவாம், அப்புறம் இஸ்ரவேல். அவர் அந்த ஒரு வரியை மட்டும் பெருசு பண்ணிக் காட்டினார். மத்த மூணு பேருக்குப் பின்னாடி மலை மலையா ஒரு குறி, அப்படின்னா இது ஊர், நாடு. இஸ்ரவேலுக்குப் பின்னாடி மட்டும் மலை இல்ல, ஒரு ஆம்பள ஒரு பொம்பள உக்காந்திருக்காங்க, கீழ மூணு கோடு. அப்படின்னா இது ஜனம். நாடுன்னு இல்ல, ஒரு கூட்டம். பைபிளுக்கு வெளியில அந்தப் பேர் வர்ற முதல் இடம் இது, அதுவும் "இவங்களை ஒழிச்சாச்சு, விதைகூட மிச்சமில்ல"ன்னு எதிரி பெருமையடிச்சுக்கிட்ட வரி. எனக்கு உடனே அசோகன் கல்வெட்டுல சோழர் பாண்டியர் பேர் வர்றது ஞாபகம் வந்துச்சு. நம்மாளுக சங்கப் பாட்டை எடுத்துக்கிட்டு எவ்வளவு கத்தினாலும், வெளியாள் ஒருத்தன் கல்லுல வெட்டி வச்ச ஒரு வரிக்கு இருக்கிற வெயிட் வேற.

அப்புறம் தாவீது. தம்பிக்காக நான் காத்துக்கிட்டிருந்த இடம். 1993ல இஸ்ரேலோட வடக்குல தெல் தான்ங்கிற இடத்துல தோண்டும்போது ஒரு சுவத்துல கல்லோட கல்லா வச்சுக் கட்டின உடைஞ்ச துண்டு கிடைக்குது, அரமேயிக்ங்கிற பழைய பாஷையில எழுதினது, கி.மு. 9ஆம் நூற்றாண்டு. அதுல "தாவீதின் வீடு"ன்னு இருக்கு, அதாவது தாவீது வம்சம். எதிரி ராஜா ஒருத்தன், இந்த வம்சத்து ராஜாவைக் கொன்னேன்னு சொல்லிக்கிறான். மத்த வார்த்தைகளுக்கு நடுவுல புள்ளி வச்சுப் பிரிச்சிருக்கான், இந்த இடத்துல மட்டும் ஆறு எழுத்தையும் சேர்த்து எழுதிட்டான், அதை வச்சு சிலர் இது ஊர் பேரா இருக்கலாம்னு சண்டை போட்டாங்க, ஆனா பெரும்பாலானவங்க வம்சம்னுதான் ஒத்துக்கிறாங்க. நம்ம ஜம்பை கல்வெட்டு மாதிரின்னு சித்தி காதுல சொன்னேன், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சி வெறும் பாட்டுல வர்ற ஆள்னு இருந்தப்ப 1981ல பாறையில பேர் கிடைச்ச கதை. சித்தி ஜம்பையைக் கேட்டாங்களா இல்லையான்னு தெரியல, போனை எடுத்து தம்பிக்கு அந்தக் கல்லோட போட்டோவை அனுப்பிட்டிருந்தாங்க. ஒரு வார்த்தைகூட எழுதல, போட்டோ மட்டும்.

ஆனா அதே மூச்சுல அவர் சொன்னதையும் சொல்லணும். தாவீதுன்னு ஒருத்தர் இருந்தார்னு அந்தக் கல்லு சொல்லும், ராட்சசன் கோலியாத்தை அடிச்சாரா, எவ்வளவு பெரிய ராஜ்யம் வச்சிருந்தார்னு சொல்லாது. சித்தி அந்தப் பகுதியை போட்டோ எடுக்கல.

மூணாவது வாரம் மகா மட்டம். ரெகுலர் ஆள் வரல, காலையில பத்து மணிக்கு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ், வேற ஒருத்தர் எடுப்பார்னு. வந்தவர் செங்கடலுக்கு அடியில பவளம் ஒட்டின வட்டமா எதையோ காட்டி இது இஸ்ரவேலரைத் துரத்திட்டு வந்து கடல்ல மூழ்கினதா பைபிள் சொல்ற பார்வோன் (எகிப்து ராஜா) படையோட ரதச் சக்கரம்ங்கிறார். எந்த மியூசியத்துல இருக்கு, யார் பரிசோதிச்சதுன்னு ஒரு மலாய் டீச்சர் ரொம்ப மரியாதையா கேட்டாங்க, பதில் இல்ல, அடுத்த ஸ்லைடு. மூணு மணிநேரம் போச்சு. பணம் திருப்பித் தருவீங்களான்னு கேட்டதுக்கு "ஃபீட்பேக் ஃபார்ம்ல எழுதுங்க"ன்னு கவுண்டர்ல சொன்னாங்க, எழுதினேன், இன்னிக்கு வரைக்கும் பதில் வரல.

நாலாவது வாரம் பழைய ஆள் வந்து மன்னிப்பு கேட்டுட்டு யாத்திராகமத்தை, அதாவது மோசே இஸ்ரவேலரை எகிப்துலேருந்து வெளிய கூட்டிட்டு வந்த கதையை, நேர்மையா எடுத்தார். ஆம்பளைங்க மட்டும் ஆறு லட்சம்னு இருக்கு, பொம்பள பிள்ளைகளைச் சேர்த்தா இருபது லட்சம் தாண்டும். சிங்கப்பூர் ஜனத்தொகையில மூணுல ஒரு பங்கு நாப்பது வருஷம் வனாந்தரத்துல நடந்திருக்குன்னா ஒரு பானை ஓடாவது கிடைக்கணும், சீனாயில தேடோ தேடுன்னு தேடியும் அந்தக் காலத்து தடயம் கிடைக்கல. எபிரேயத்துல ஆயிரத்துக்கு சொல்ற வார்த்தைக்கு குலம், படைப்பிரிவுன்னும் அர்த்தம் உண்டு, அதனால சின்னக் கூட்டமா இருக்கலாம்னு ஒரு கட்சி சொல்லுது. மோசேங்கிற பேரே எகிப்து பேர்தான், சும்மா கற்பனைன்னா எதிரி நாட்டுப் பேரை ஏன் வைக்கணும்னு இன்னொரு வாதம். மோசேக்கு அப்புறம் வந்த தலைவர் யோசுவா ஜெயிச்சதா பைபிள் சொல்ற எரிகோ ஊரும் அப்படித்தான், 1950கள்ல கேத்லீன் கென்யன்ங்கிற தொல்லியல் ஆய்வாளர் தோண்டி, விழுந்த மதில் யோசுவாவுக்கு முன்னூறு வருஷம் முந்தினதுன்னு சொல்லிட்டாங்க. சித்தி சண்டே ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு எரிகோவை மைலோ டின் அடுக்கித்தான் சொல்லிக் கொடுப்பாங்க, ஏழு சுத்து சுத்தி கத்தினா டின் சரியணும். அன்னிக்கு பிரேக்ல த்ரீ இன் ஒன் காப்பியை ஆத்திக்கிட்டே இருந்தாங்க, குடிக்கல.

அப்ப இஸ்ரவேலர் எங்கேருந்துதான் வந்தாங்க? கி.மு. 1200க்கு அப்புறம் கானான் (இஸ்ரவேலர் குடியேறினதா பைபிள் சொல்ற நாடு) மலைப்பகுதியில திடீர்னு சின்னச் சின்ன கிராமமா முளைக்குது, பானை சட்டியெல்லாம் பக்கத்து கானானியர் வச்சிருந்த மாதிரியேதான், ஆனா பன்றி எலும்பு மட்டும் ரொம்ப ரொம்பக் கம்மி. அதனால பெரும்பகுதி ஆளுக வெளியிலேருந்து படையெடுத்து வந்தவங்க இல்ல, உள்ளூர் ஆளுகளேதான்னு இப்ப நிறைய அறிஞர்கள் நினைக்கிறாங்க. இதுக்கு சித்திகிட்டேருந்து எதிர்ப்பு வரும்னு பார்த்தா, பைபிள்ல ஏசாயா 19ஐ திறந்து "கானான் பாஷைன்னு இங்கயே போட்டிருக்குடா"ன்னு விரலை வச்சுக் காட்டறாங்க, அதாவது எபிரேயத்தையே அப்படித்தான் சொல்லியிருக்காம்.

எனக்குப் பிடிச்ச இடம் கடைசி வாரம். கி.மு. 701, அசீரிய ராஜா சனகெரிப் எருசலேமை முற்றுகை போட்டது. அங்க இருந்த யூதா ராஜா எசேக்கியா கப்பம் கட்டினது 30 தாலந்து (அந்தக் காலத்து எடை) பொன், 300 தாலந்து வெள்ளின்னு பைபிள்ல '2 ராஜாக்கள்'ங்கிற புக்ல. அசீரியாக்காரன் களிமண்ல எழுதி வச்ச கணக்குல 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி. பொன் டேலி ஆகுது! வெள்ளியில 500 இடிக்குது, ஒருத்தன் குறைச்சு எழுதியிருக்கான் இல்ல ஒருத்தன் ஏத்தி எழுதியிருக்கான், ஆனா என்ட்ரி ரெண்டு பக்கமும் இருக்கு. ஊரைப் பிடிச்சேன்னு சனகெரிப் சொல்லவே இல்ல, எசேக்கியாவை கூண்டுக்குள்ள பறவை மாதிரி அடைச்சேன்னு மட்டும் சொல்லிட்டு நழுவறான். பைபிள் சொல்ற மாதிரி தேவதூதன் வந்து அசீரியப் படையில 1,85,000 பேரை அடிச்சதுக்கு ரசீது கிடையாது. பாபிலோன்ல கிடைச்ச களிமண் பலகைகள்ல யூதா ராஜா யோயாக்கீனுக்கும் அவர் அஞ்சு பிள்ளைங்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்குகூட இருக்கு. சிறைப்பட்ட ராஜாவோட எண்ணெய் ரேஷன், 2,600 வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒரு கிளார்க் எழுதினது. அந்த கிளார்க்கு நான் சலாம் போடறேன்.

நான் ஒரு கேள்வி கேட்டு பல்பு வாங்கினேன், அதையும் சொல்லிடறேன். தாவீதோட மகன் சாலொமோன் ராஜாவுக்கு கப்பல்ல வந்த மயிலுக்கு எபிரேயத்துல துக்கி, அது நம்ம தோகைதானேன்னு நெஞ்சை நிமித்திக் கேட்டேன். கால்டுவெல் காலத்துலேருந்தே அப்படிச் சொல்றாங்க, இருக்கலாம், ஆனா அது மயிலே இல்ல, ஒரு வகை குரங்கு, எகிப்து வார்த்தைன்னும் சிலர் சொல்றாங்கன்னார். மூஞ்சி தொங்கிடுச்சு. சித்திக்கு ஒரே சிரிப்பு.

கிளாஸ் முடிஞ்சு வாட்டர்லூ ஸ்ட்ரீட் வழியா நடந்தோம். மகைன் அபோத் யூதக் கோயில், 1878ல கட்டினது, பாக்தாத் பக்கத்துலேருந்து வந்த யூதர்கள் கட்டினது. இத்தனை வருஷம் அதைத் தாண்டி கிருஷ்ணன் கோயிலுக்குப் போயிருக்கேன், நின்னு பார்த்ததில்ல. பாபிலோனுக்குப் பிடிச்சுட்டுப் போனவங்க வழிவந்தவங்கன்னு பாக்தாத் யூதர்கள் தங்களைச் சொல்லிக்கிறதுண்டு, அந்த எண்ணெய்க் கணக்கை பார்த்துட்டு வந்து கேட்டுக்கு வெளிய நிக்கும்போது ஒரு மாதிரியா இருந்துச்சு.

மத்தபடி குறைன்னா, நோட்ஸ் எல்லாம் பிளாக் அண்ட் ஒயிட் ஜெராக்ஸ், அசீரியாவோட கருப்புக் கல்தூண்ல இஸ்ரவேல் ராஜா யெகூ குனிஞ்சு கும்பிடற படம் வெறும் மசி. ஏர்கான் சைபீரியா. புரொஜெக்டர் மங்கல், முன் வரிசையில உக்காந்தாத்தான் எழுத்து தெரியும். விசுவாசத்துக்கு ஆதாரம் தேடிப் போறவங்களும் சரி, என் தம்பி மாதிரி கவுக்கணும்னு போறவங்களும் சரி, பாதி வகுப்புல கடுப்பாவாங்க.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார், மூணாவது வாரம் இல்லன்னா நாலரை. அடுத்த பேட்ச் புதிய ஏற்பாடாம், சித்தி மூணு சீட் போட்டுட்டாங்க, மூணாவது யாருக்குன்னு தம்பிக்கு இன்னும் தெரியாது. போறவங்க ஜாக்கெட் எடுத்துட்டுப் போங்க, பணம் கட்டறதுக்கு முன்னாடி அஞ்சு வாரமும் ஒரே ஆள்தானான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.