ஸ்டிக்கர உரிச்சுப் பாக்காம நாய்க்கு டிரை ஃபுட் வாங்காதீங்க, என் அரை மாசச் சம்பளம் போச்சு

முந்தாநேத்து ராத்திரிதான் ராக்கிக்கு டிரிப்ஸ் கழட்டுனாங்க. இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கல, இருந்தாலும் இப்பவே எழுதிடறேன், நாளைக்கு எழுதலாம்னு விட்டா அதுக்குள்ள இன்னொருத்தர் அதே எடத்துல பணத்தக் கட்டிருவாங்க. நாய் சாப்பாடு விக்கிற ஒரு ஆன்லைன் பெட் ஷாப்ல அரை மாசச் சம்பளத்த ஒரே நாள்ல கட்டி ஏமாந்து நிக்கிறேன். பேரு போடல, போட்டா இந்தப் பதிவையும் தூக்க வைப்பாங்க, ஏற்கனவே நான் போட்ட ரெண்டு ரிவ்யூவக் காணோம். எந்த மாதிரி எடம்னு மட்டும் சொல்றேன். நேர்ல போய்ப் பாக்கக் கடை கிடையாது, வெப்சைட்டும் சாட்டும்தான், பல கம்பெனி சாப்பாட்டையும் வாங்கி விக்கிறவங்க, சாட்ல "நியூட்ரிஷன் அட்வைஸர்"னு ஒருத்தர உக்கார வச்சிருப்பாங்க.

வீட்ல ரெண்டு பேரு. மணிக்கு 7 வயசு, நடுத்தர சைஸு. ராக்கி ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி, 3 மாசம்தான் ஆகுது, அவன் அப்பா நாயே 38 கிலோ. மணிய வளத்த அனுபவம் இருந்தாலும் பெரிய ஜாதிக் குட்டிக்கு என்ன குடுக்கணும்னு எனக்குத் தெரியாது, தப்பா ஏதாவது குடுத்து எலும்பக் கெடுத்துடக் கூடாதேன்னு பயம். அந்தப் பயத்தத்தான் அவங்க புடிச்சுக்கிட்டாங்க.

சாட் ஓப்பன் பண்ணி ஒரு நிமிஷத்துல பதில் வந்துச்சு. ராக்கி பேரக் கேட்டாங்க, எடை கேட்டாங்க, போட்டோ அனுப்பச் சொன்னாங்க, அனுப்புனதும் "என்ன அழகுங்க, காது இன்னும் நிமிரலையே, அதுக்கு ஏத்த மாதிரி ஃபுட் பிளான் போட்டுத் தரேன்"னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தையில நான் விழுந்துட்டேன். காது நிமிராதத கவனிச்சு சொல்றாரே, நம்ம புள்ளைய பாக்குற மாதிரி பாக்குறாரேன்னு நெஞ்சு நெறஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவர் சொன்ன எதையும் நான் ஒரு தடவ கூட சரிபாக்கல. முதல் இன்கிரீடியன்ட் கோழி, இத உலகக் கால்நடை டாக்டர்கள் சங்கமே அப்ரூவ் பண்ணிருக்குன்னாரு, நம்புனேன். பெரிய ஜாதிக்கு எலும்பு பெருசு, அதனால கால்சியம் பவுடர் தனியா கலந்து குடுங்கன்னாரு, அதையும் வாங்குனேன். மணிக்கு வயசாகுது, தானியம் இல்லாத ஃபுட்டுக்கு மாத்துங்கன்னாரு, அது விலை ஜாஸ்தி, அதுக்கும் சரின்னேன். 6 மாசத்துக்கு சேத்துக் கட்டுனா விலை குறையும், மாசாமாசம் புதுசா பேக் பண்ணி அனுப்புவோம்னாரு. கட்டிட்டேன். அரை மாசச் சம்பளம். வீட்ல கேட்டப்ப கூட "குட்டிக்குத்தானே, மத்ததக் கொறச்சுக்கலாம்"னு நான்தான் சொன்னேன்.

பேக் வந்துச்சு, ரெண்டு மாச சப்ளைன்னு மொத்தம் நாலு. பின்னாடி பெரிய வெள்ளை ஸ்டிக்கர், அதுல புரோட்டீன் 28 சதவீதம், குட்டிகளுக்கு, எக்ஸ்பைரி இன்னும் 11 மாசம்னு எல்லாம் தெளிவா இருந்துச்சு. பழைய ஃபுட்டோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து, முதல்ல கால் பங்கு, அப்புறம் பாதின்னு ஒரு வாரத்துல மாத்தணும்ங்கறது எனக்குத் தெரியும், அப்படித்தான் ஆரம்பிச்சேன். முதல் நாளே மணி மோந்து பாத்துட்டு தட்ட விட்டு எழுந்து போயிருச்சு. 7 வருஷத்துல ஒரு நாள் கூட சாப்பாட்ட ஒதுக்காத நாய். நான் என்ன பண்ணேன் தெரியுமா, அதட்டுனேன். அத நெனச்சா இப்பவும் தாங்க முடியல. அதுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல.

நாலாம் நாள் விடியக்காலைல ராக்கி வாந்தி, கூடவே பேதி, தண்ணி மாதிரி. தூக்கிட்டு ஓடுனேன். 3 மாசக் குட்டிக்கு வாந்தி பேதி ரெண்டும் சேந்து வந்தா முதல்ல பார்வோங்கற வைரஸ் நோயத்தான் சந்தேகப்படணும்னு டாக்டர் டெஸ்ட் போட்டாங்க. அந்தப் பத்து நிமிஷம் இருக்கே, அது யாருக்கும் வரக்கூடாது. மடியில துணி மாதிரி கெடந்தான். நெகட்டிவ்னு வந்துச்சு. அப்புறம்தான் புதுசா ஏதாவது குடுத்தீங்களான்னு கேட்டாங்க, சொன்னேன், பேக்க கொண்டு வாங்கன்னாங்க.

வீட்டுக்குப் போய் ரெண்டு பேக்கையும் எடுத்தப்பதான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. பப்பி ஃபுட்டும் மணியோட தானியம் இல்லாத ஃபுட்டும் ஒரே மாதிரி இருக்கு. அதே கலர், அதே வட்டம், அதே அளவு. பக்கத்துல பக்கத்துல தட்டுல போட்டுப் பாத்தேன், எது எதுன்னு பிரிக்க முடியல. வயித்துல புளியக் கரைச்ச மாதிரி ஆயிருச்சு. ஈரத்துணிய ஸ்டிக்கர் மேல கொஞ்ச நேரம் போட்டு வச்சு ஓரத்த நகத்தால உரிச்சேன். அடியில கம்பெனிக்காரன் அச்சடிச்ச ஒரிஜினல் லேபிள் இருக்கு. வளந்த நாய்களுக்கு மட்டும்னு இருக்கு. புரோட்டீன் 18 சதவீதம். இன்கிரீடியன்ட்ல கோழிக்கு அடுத்து மக்காச்சோளம், மக்காச்சோள மாவு, மக்காச்சோள குளூட்டன். எக்ஸ்பைரி முடிஞ்சு 5 மாசம். மணியோட பேக்லயும் அதேதான், அதே லேபிள். தானியம் இல்லாததுன்னு சொல்லி ஜாஸ்தி காசு வாங்குன பேக்குக்குள்ள மக்காச்சோளம்!

டாக்டர் லேபிளப் பாத்துட்டு ஒவ்வொண்ணா விளக்குனாங்க. 18 சதவீதம்னு போட்டிருந்தா அதுல ஈரம் 10 சதவீதத்தக் கழிச்சுப் பாக்கணும், 18ஐ 90ஆல வகுத்தா 20 சதவீதம். ஆஃப்கோன்னு ஒரு அமெரிக்க அமைப்போட அளவ நெறைய கம்பெனி லேபிள்ல சொல்லுவாங்க, அதுல ஈரம் கழிச்சு குட்டிக்கு கொறஞ்சது 22.5, வளந்த நாய்க்கு 18. அப்ப அந்த ஃபுட் மணிக்குக் கணக்குல சரி, ராக்கிக்குப் பத்தாது, கெட்டுப்போனதால ரெண்டு பேருக்குமே ஆகாது. டிரை ஃபுட்ல மேல பூசுற கொழுப்பு நாளாக ஆக காத்துபட்டு சிக்குப் புடிச்சுப் போகும், பழைய எண்ணெய் வாடை வரும், மணி மோந்தது அதத்தான். கோழி முதல்ல இருக்கேன்னு கேட்டேன். அந்த வரிசை சமைக்கறதுக்கு முன்னாடி எடை, பச்சை கறில 70 சதவீதம் போல தண்ணிதான், அந்தத் தண்ணி போனா கோழி கீழ எறங்கிரும், மக்காச்சோளத்த மூணாப் பிரிச்சு எழுதுனதால ஒவ்வொண்ணும் கம்மியாத் தெரியுது, கூட்டுனா அதுதான் மேலன்னாங்க.

கால்சியம் பவுடரப் பாத்ததும் அவங்க முகமே மாறிருச்சு. பெரிய ஜாதிக் குட்டிக்கு, அதுவும் 6 மாசத்துக்குள்ள, கால்சியம் ஜாஸ்தியாப் போனா உடம்பு அதத் தடுக்காதாம், குடல்ல இருந்து அது பாட்டுக்கு உள்ள இழுத்துக்கும், எலும்பும் மூட்டும் கோணலா வளர அதுவே காரணமாயிரும். நல்ல பப்பி ஃபுட்ல தேவையான கால்சியம் ஏற்கனவே இருக்கு. வளந்தா சுமார் 32 கிலோவுக்கு மேல போற ஜாதிக்குட்டிக்கு ஈரம் கழிச்சு 1.8 சதவீதத்தத் தாண்டக்கூடாதுன்னு அந்த ஆஃப்கோ அளவுலயே இருக்கு, கொறஞ்சது 1.2. இதத்தான் அந்த "அட்வைஸர்" எலும்பு பெருசு, மேல போட்டுக் கலந்து குடுங்கன்னு சொன்னது. நாலு நாளோட நின்னுச்சு. 6 மாசம் போட்டிருந்தா?

சங்கம் அப்ரூவ் பண்ணுச்சுன்னு சொன்னதும் பொய். உலகச் சிறு பிராணி கால்நடை மருத்துவச் சங்கம் எந்த ஃபுட்டுக்கும் அப்ரூவல் குடுக்கறதே இல்ல, கம்பெனிகிட்ட என்னென்ன கேக்கணும்னு கேள்விதான் போட்டுக் குடுத்திருக்கு, படிச்ச நியூட்ரிஷனிஸ்ட் இருக்காரா, எங்க தயாராகுது, தரத்த எப்படிப் பாக்குறீங்கன்னு. ஆஃப்கோவும் எதையும் அப்ரூவ் பண்ணாது. மணிய தானியத்த விட்டு மாத்த வேண்டிய காரணமும் ஒண்ணும் இல்லையாம், தானியம் இல்லாத சில ஃபுட்டுக்கும் நாய்களோட இதய நோய்க்கும் சம்பந்தம் இருக்கான்னு அமெரிக்காவோட உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2018ல விசாரிக்கவே ஆரம்பிச்சுதாம்.

இனிமே அவங்க பதில் சொன்ன விதம். ஒரு நிமிஷத்துல பதில் போட்ட அதே சாட்ல ரெண்டு மணி நேரம் யாரும் வரல. வந்தவங்க வேற பேரு. "ஃபுட் மாத்துனா லூஸ் மோஷன் நார்மல்தான்"னாங்க. டிரிப்ஸ் ஏறிக்கிட்டிருக்கற குட்டியோட போட்டோவ அனுப்புனேன், அதுக்கும் அதே வரி, காப்பி பண்ணிப் போட்ட மாதிரி. உரிச்ச ஸ்டிக்கர் போட்டோ அனுப்புனேன், "பேக் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா, 24 மணி நேரத்துக்குள்ள சொன்னீங்களா"ன்னாங்க. யாருங்க நாய் சாப்பாட்டுப் பையப் பிரிக்க வீடியோ எடுப்பாங்க? அடுத்த ஆளு, "வெயில்ல வச்சிருப்பீங்க, அதனால வாடை வந்திருக்கும்"னாரு. வெயில்ல வச்சா அச்சடிச்ச தேதி மாறுமான்னு கேட்டேன், டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிட்டாங்க. திரும்ப ஓப்பன் பண்ணேன், டாக்டர் சர்டிஃபிகேட் கேட்டாங்க, அதையும் வாங்கிக் குடுத்தேன், டாக்டர் நேர்மையா "கெட்டுப்போன உணவால் இருக்கலாம்"னு எழுதிருந்தாங்க, அந்த "இருக்கலாம்"ங்கற வார்த்தையப் புடிச்சுக்கிட்டு "உறுதி ஆகல, லேப் ரிப்போர்ட் குடுங்க"ன்னாங்க. சரி, பிரிக்காத ரெண்டு பேக்கையாவது எடுத்துட்டுப் போங்கன்னேன், உணவுப் பொருள் ரிட்டர்ன் கிடையாதாம். இன்னும் வராத நாலு மாசத்துக்காவது பணத்தக் குடுங்கன்னேன், ஆஃபர்ல கட்டுனத கேன்சல் பண்ண முடியாதாம். கடைசியா என்ன குடுத்தாங்க தெரியுமா, அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் கூப்பன். அரை மாசச் சம்பளம் போய், அதுக்கு மேல ஆஸ்பத்திரி பில்லும் கட்டிட்டு நிக்கறவன்கிட்ட, அடுத்த ஆர்டர்.

அந்த முதல் அட்வைஸர் இப்ப அங்க வேலை பாக்கலையாம். ராக்கி காதப் பத்திக் கேட்டவர்.

எதப் பாத்து வாங்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், கோவத்துல கதையிலயே எல்லாம் போயிருச்சு. அவசரமா சிலது சொல்லிடறேன். கம்பெனி லேபிள் மேல எந்த ஸ்டிக்கர் இருந்தாலும் உரிச்சுப் பாத்துட்டுத்தான் தட்டுல போடுங்க. பேட்ச் நம்பர் கண்ணுக்குத் தெரியணும். 2007ல கோதுமை குளூட்டன்ல, அதாவது கோதுமைப் புரோட்டீன்ல, மெலமைன்ங்கற கெமிக்கலக் கலந்து, புரோட்டீன் ஜாஸ்தி இருக்கற மாதிரி காட்டி, அதத் தின்ன நாய் பூனைங்களுக்கு கிட்னி போச்சு, அப்ப வட அமெரிக்காவுல மார்க்கெட்ல இருந்து திரும்ப வாங்குனப்ப எது கெட்ட பேக்னு ஜனங்க தெரிஞ்சுக்கிட்டது பேக்ல இருந்த தேதியையும் கோட் நம்பரையும் வச்சுத்தான். அதனால டப்பாவுல கொட்டி வச்சாலும் பையத் தூக்கிப் போடாதீங்க, முடிஞ்சா பையோடவே டப்பாவுக்குள்ள வைங்க. லூஸா அள்ளிக் குடுக்கறத வாங்காதீங்க. குட்டிக்கு வாங்கும்போது "வளர்ச்சிக்கு"ன்னோ "எல்லா வயசுக்கும்"னோ எழுதிருக்கான்னு பாருங்க, பெரிய ஜாதின்னா பெரிய ஜாதிக் குட்டிக்கும் சேத்துன்னு தனியா எழுதிருக்கணும். பிரீமியம், சூப்பர் பிரீமியம், ஹோலிஸ்டிக்ங்கற வார்த்தைக்கெல்லாம் லேபிள்ல ஒரு சட்ட அர்த்தமும் இல்ல. மேல எதுவும் பவுடர் கலக்காதீங்க, உங்க டாக்டர் சொன்னாத் தவிர. முதல்ல சின்ன பேக். 6 மாசத்துக்கு யார் கேட்டாலும் கட்டாதீங்க, நான் கட்டுனேன், அரை மாசச் சம்பளம். பழைய நாய் மோந்துட்டு ஒதுங்குனா அதட்டாதீங்க, நீங்களும் மோந்து பாருங்க.

பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், நுகர்வோர் புகாரும் எழுதிட்டிருக்கேன். பிரிக்காத ரெண்டு பேக்கும் ஸ்டிக்கர உரிக்காம அப்படியே வச்சிருக்கேன், யாராவது வந்து பாக்கட்டும். ராக்கி இன்னைக்குக் காலைல ஒரு கைப்பிடி சாப்பிட்டான், வாந்தி எடுக்கல. இப்ப மருந்து குடுக்கற நேரம், போறேன். இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டுன பேக் யாருக்காவது வந்திருந்தா கீழ எழுதுங்க.