எலி கடித்த இன்ஜின் ஒயரிங்: ஒட்டா, காயலாங்கடையா, புதுசா?

குறுவை அறுப்பு முடிந்தால் வயல் எலி வீடு மாறும். கிட்டியில் மாட்டியது போக மிச்சம் கொட்டகைக்கு வரும். அங்கே கார் நின்றால் பானெட்டுக்குள் குடியேறி ஒயரைக் கடிக்கும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். மாருதி 800, ஜென் மாதிரி பழைய எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டி வைத்திருப்பவர்களுக்கு அப்போது வரும் கேள்வி: கடித்த இடத்தில் ஒட்டுப் போடுவதா, காயலாங்கடையில் ஒரு ஒயரிங் செட் பார்ப்பதா, புதிதாகவே இழுத்துவிடுவதா?

முதலில் ஒரு சோதனை. கடித்த இடத்தில் ஓர் அங்குலம் தோலை உரித்துப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இருந்தால் ஒட்டுப் போதும். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் இன்னும் இரண்டு அங்குலம் உரியுங்கள். அங்கேயும் அப்படியே என்றால் அந்த ஒயரில் எவ்வளவு ஒட்டினாலும் வீண்.

ஒட்டிலும் தரம் உண்டு. முறுக்கி டேப் சுற்றுவது இன்ஜின் சூட்டில் பிசுபிசுத்து அவிழ்ந்துவிடும். ஈயம் வைத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் ஈயம் ஊறிய இடம் விறைத்துப்போய் அதிர்வில் அதன் ஓரத்திலேயே முறியும். சரியான கருவியால் கிரிம்ப் செய்து (இரு முனையையும் ஒரு உலோகக் குழாயில் விட்டு நசுக்கி), மேலே சுருங்கும் ஸ்லீவ் போடுவதுதான் என் ஓட்டு.

காயலாங்கடை செட் மலிவு, கப்ளரெல்லாம் (ஒயர் முனையில் இருக்கும் பிளக்) அசலாக அமையும். ஆனால் அந்த வண்டி எங்கே ஓடியது என்று கேளுங்கள். கடலோரத்தில் ஓடியதென்றால் நம் வியாதியே அதற்கும் இருக்கும். வருடம், மாடல் கொஞ்சம் மாறினாலும் ஈசியூ (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) கப்ளரில் கால்கள் இடம் மாறலாம். பார்த்த மாத்திரத்தில் ‘அதேதான் சார்’ என்பவரிடம் வாங்காதீர்கள். கம்பெனியின் புது செட் கிடைத்தால் பேச்சே இல்லை. பழைய மாடலுக்குக் கிடைப்பதுதான் பாடு.

மிச்சமிருப்பது எலக்ட்ரீஷியன் கையால் முழுதாகப் புதிது. இதில் எனக்குத் தயக்கம் உண்டு. இன்ஜின் சுற்றுவதைக் கண்காணிக்கும் கிராங்க் சென்சாருக்குப் பல வண்டிகளில் வலை சுற்றிய ஒயர் வரும். அதற்குப் பதில் சாதா ஒயர் இழுத்தால், இக்னிஷன் இரைச்சல் அதில் புகுந்து வண்டி காரணமே தெரியாமல் திக்கும். அதனால் சென்சார் ஒயர் நன்றாக இருந்தால் அதைத் தொடாமல், கரண்ட் கொடுக்கும் ஒயரையும் எர்த்தையும் மட்டும் புதிதாக இழுப்பதே டெல்டா வண்டிக்குப் பொருந்தும். வயதான வண்டியில் கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

அந்த கரண்டை எப்படிக் கொடுப்பது? சாவி சுவிட்ச் வழியாகவே இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் எடுப்பது ஒரு வழி. ஒயர் மிச்சம், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியே 10 வோல்ட் அளவுக்கு இறங்கும். தேய்ந்த சுவிட்ச் அதில் இன்னொரு வோல்ட்டை விழுங்கினால் இன்ஜெக்டர் தாமதமாகத் திறக்கும், பம்ப் சோரும். எல்லா இன்ஜெக்டருக்கும் பிளஸ் பொதுவாக ஒரே வழியில்தான் வருகிறது, ஈசியூ திறந்து மூடுவது மைனஸ் பக்கம். அந்த ஒரு பிளஸ் தளர்ந்தால் எல்லாமே தளரும்.

பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், அதன் தலைமாட்டிலேயே ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) 30, 87 என்ற கால்கள் வழியாக இன்ஜெக்டருக்கும் பம்புக்கும்: இது இரண்டாவது வழி. சுவிட்ச் தாங்க வேண்டியது ரிலே காயில் இழுக்கும் கால் ஆம்பியருக்கும் குறைவான கரண்ட்தான். சந்தேகமே வேண்டாம், இதுதான் சரி. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: பம்ப் ரிலேயை ஈசியூதான் இயக்க வேண்டும். சாவி போட்டதும் பம்ப் இரண்டு மூன்று விநாடி ‘விர்’ரென்று ஓடி நிற்கிறதே, அது ஈசியூவின் வேலை. இன்ஜின் நின்றால் பம்பையும் அது நிறுத்திவிடும். ‘டைரக்ட் கொடுத்துடலாம்ணே’ என்று சாவியோடு பம்பைக் கட்டிவிட்டால், வண்டி எங்காவது மோதிக் கிடக்கும்போதும் அது பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

வேலை முடிந்ததும், பம்ப் ஓடும்போது பேட்டரி பிளஸ்ஸுக்கும் பம்பின் பிளஸ்ஸுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏதோ ஓர் இணைப்பு சரியில்லை. எர்த் பக்கமும் இதே மாதிரி பாருங்கள். அப்புறம், எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள். அடுத்த அறுப்புக்குப் பிறகு வேறொருவர் பானெட்டைத் திறக்க வேண்டி வரலாம்.